கற்கால உணவும் கடலை மிட்டாயும்

(மூன்றாமாண்டு இளங்கலை வரலாற்று மாணவி ஒருத்தி எழுதியது)

உணவைப் பற்றி எழுத வரலாற்று மாணவிக்கு என்ன உரிமை என்று மனையியல் துறைத் தோழியர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆயினும் இன்று ஊரெங்கும் வழங்குகின்ற 'பேலியோ' என்னும் சொல் எங்கள் பாடநூலிலிருந்து இரவல் போன சொல். பழைய கற்காலத்தைக் குறிக்கும் 'பேலியோலிதிக்' என்ற சொல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்து உணவுத் தட்டில் வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுச் சொத்தை அடுத்த வீட்டார் எடுத்துச் சென்றால், அது எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவாவது எங்களுக்கு உரிமை உண்டல்லவா?

பேலியோ உணவுமுறை என்பது யாது? அரிசி, கோதுமை, சிறுதானியம், பருப்பு வகை, சர்க்கரை ஆகியவற்றை அறவே விலக்க வேண்டும். இறைச்சி, மீன், முட்டை, காய்கறி, கொட்டைகள், விதைகள், ஓரளவு பழம் ஆகியவற்றை உண்ண வேண்டும். பாலை அமெரிக்கர் விலக்குவர். நம்மவர் பெரும்பாலும் நெய்யையும் பன்னீரையும் விட மனமின்றிச் சேர்த்துக்கொள்வர். மனிதன் உழவுத் தொழிலைக் கண்டுபிடித்து ஏறத்தாழப் பதினாயிரம் ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முன் இலட்சக்கணக்கான ஆண்டுகள் வேட்டையாடியும் பொறுக்கியும் உண்டவனின் உடல்தான் நம் உடல். ஆகவே அவன் உண்டதை உண்டால் நோய் வாராது என்பது இதன் அடிப்படை வாதம். வால்ட்டர் வோட்லின் என்னும் அமெரிக்க மருத்துவர் 1975ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1985இல் பாய்டு ஈட்டன், மெல்வின் கானர் என்ற இருவர் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் கட்டுரை வெளியிட்டனர். 2002இல் லோரன் கார்டெய்ன் எழுதிய நூல் இதை உலகெங்கும் பரப்பியது. தமிழ்நாட்டிற்கு இது முகநூல் வழியாக வந்தது. வந்த வேகத்தில் எங்கள் வீட்டிற்குள்ளும் புகுந்துவிட்டது.

என் தந்தையார் அரசுப் பேருந்தில் நடத்துநர். விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டால் எப்போது எங்கே உண்பார் என்று அவருக்கே தெரியாது. பத்தாண்டுகளாக நீரிழிவு நோய் உண்டு. நண்பர் ஒருவர் சொல்கேட்டு இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு நாள் திடீரென்று சோற்றை நிறுத்தினார். காலையில் மூன்று முட்டை, மதியம் மீனோ கோழியோ கீரையோடு, இரவில் காய்கறி. மூன்று மாதத்தில் ஏழு கிலோ எடை குறைந்தது. இரத்தத்தில் சர்க்கரையும் இறங்கியது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஏனெனில் பேலியோ என்றதும் கைகொட்டிச் சிரிக்கும் நண்பர்களும் நம் கல்லூரியில் இருக்கிறார்கள். ஸ்வீடனில் 13 நீரிழிவு நோயாளிகளை வைத்து நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்விலும், மூன்று மாத அளவில் இவ்வுணவுமுறை நல்ல பயனைத் தந்தது என்றே கண்டார்கள். பதின்மூன்று பேர் என்பது சிறிய தொகைதான்; மூன்று மாதம் என்பதும் குறுகிய காலந்தான். ஆயினும் தட்டு நிறையச் சோற்று மலையும் அதன் அடிவாரத்தில் சாம்பார் ஓடையுமாக உண்டு பழகிய நமக்கு, சோற்றைக் குறைத்து முட்டையைக் கூட்டு என்று ஒருவர் சொன்னால் அதில் உண்மை இல்லாமற் போகாது.

ஆனால் தந்தையார் ஒரு தவறு செய்தார். சோற்றை நிறுத்தியவர் மாத்திரையைக் குறைக்கவில்லை. மருத்துவரிடம் சொல்லவும் இல்லை. ஒரு நாள் முற்பகலில் ஓடும் பேருந்தில், பயணச்சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த கை நடுங்கி, உடல் வியர்த்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. அருகிலிருந்த ஓர் அம்மாள் தம் குழந்தைக்கு வைத்திருந்த மிட்டாயை அவர் வாயில் போட்டிராவிட்டால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணவும் அஞ்சுகிறேன். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் ஒரு கவளச் சோற்றைக்கூடத் திடீரென்று நிறுத்தலாகாது. இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறவாதீர்கள்.

மருத்துவர் மாத்திரையைக் குறைத்துக் கொடுத்தார். பையில் எப்போதும் ஏதாவது தின்ன வைத்துக்கொள்ளச் சொன்னார். இங்கேதான் நம் கதைக்குரிய பொருள் வருகிறது. சென்னைக் கடையொன்றில் 'பேலியோ பார்' என்று ஒன்று விற்றது. விரல் நீளம், இரு விரல் அகலம், பளபளக்கும் உறை, உறையின் மேல் ஈட்டியேந்திய ஆதிமனிதன், அவன் காலடியில் 'சர்க்கரை சேர்க்கப்படாதது' என்ற எழுத்து. விலை அறுபது ரூபாய். தந்தையார் பெட்டியாக வாங்கிவந்தார். சர்க்கரை இல்லாதது என்ற நம்பிக்கையில் நாளொன்றுக்கு மூன்று, சில நாள் நான்கு என்று தின்றார். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை பழைய இடத்திற்கே ஏறி நின்றது. "சோறும் தின்னல, காப்பிக்கும் சர்க்கரை இல்ல, அப்புறம் எங்கேருந்தும்மா ஏறுது?" என்று என்னைக் கேட்டார். தாம் ஏதோ குற்றம் செய்துவிட்டவர்போல் அவர் கேட்ட அந்தக் குரலுக்காகத்தான் நான் அந்த உறையைக் கையிலெடுத்துப் படித்தேன்.

உறையின் முதுகில் பொடி எழுத்தில் உட்பொருள்களின் பட்டியல் இருக்கும். எது எடையில் மிகுதியோ அது முதலில் நிற்க வேண்டும் என்பது விதி. அந்தப் பட்டியலில் முதலில் நின்றது பேரீச்சம்பழம். அதன் கீழே இருந்த கட்டத்தில் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்ற வரிக்கு நேரே சுழியம். ஆனால் 'மொத்தச் சர்க்கரை' என்ற வரிக்கு நேரே ஒரு துண்டுக்கு 17 கிராம்! நான்கு துண்டுக்கு 68 கிராம். தேக்கரண்டிக் கணக்கில் பதின்மூன்று, பதினான்கு கரண்டி. உறையில் பொய் ஏதும் இல்லை. பேரீச்சம்பழத்தில் உள்ளது பழத்தோடு பிறந்த சர்க்கரை, எவரும் 'சேர்க்க'வில்லை. ஆனால் உடம்பு அந்த வேறுபாட்டைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. விதை நீக்கிய பேரீச்சம்பழம் நூறு கிராமில் ஏறத்தாழ 65 கிராம் சர்க்கரைதான். நார்ச்சத்தும் இருக்கிறது, கொட்டைகளோடு சேர்த்து உண்டால் சர்க்கரை இரத்தத்தில் ஏறும் வேகமும் குறைகிறது, இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் நான்கு துண்டு நான்கு துண்டுதானே!

இனி, அந்த உறையின் மேல் நின்ற ஈட்டிக்காரனிடம் வருவோம். அவனை நான் சும்மா விடுவதாயில்லை.

சென்ற ஆண்டு எங்கள் துறையினர் பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகிலுள்ள தொல்பழங்கால அருங்காட்சியகத்திற்குச் சுற்றுலா சென்றிருந்தோம். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு தொடங்கியதே நம் மண்ணில்தான். நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் பூட் 1863ஆம் ஆண்டு மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு கொசத்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கிடைத்தன. அத்திரம்பாக்கத்தை மீண்டும் அகழ்ந்த சாந்தி பப்பு குழுவினர், அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது ஏறத்தாழப் பதினைந்து இலட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியிட்டனர். கண்ணாடிப் பேழைக்குள் இருந்த கைக்கோடரி ஒன்றைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். இதைப் பிடித்திருந்த கை அன்று எதைத் தின்றது? கல் நிலைத்திருக்கிறது, கிழங்கும் பழமும் கீரையும் மண்ணோடு மண்ணாகிவிட்டன. எஞ்சியது கல் மட்டும் என்பதால் அவன் இறைச்சியை மட்டுமே தின்றான் என்று முடிவு கட்டலாகாது.

பிற நாடுகளில் கிடைத்துள்ள சான்றுகள் இன்னும் சுவையானவை. ஈராக்கின் ஷனிதார் குகையில் கிடைத்த நியண்டர்தால் மனிதர்களின் பற்காறையைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது மாவுச்சத்துத் துகள்கள் தெரிந்தன, அவற்றுள் பார்லி இனப் புல்லின் துகள்களும் இருந்தன, சில வெந்தவை. இது 2011இல் வெளிவந்த ஆய்வு. மொசாம்பிக் நாட்டுக் குகையொன்றில், நூறாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கற்கருவிகளின் மேல் காட்டுச் சோளத்தின் மாவுத்துகள் ஒட்டியிருந்ததாக 2009இல் எழுதினர். உழவு பிறப்பதற்கு ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஜோர்டான் நாட்டில் ஒருவர் ரொட்டி சுட்டுத் தின்றிருக்கிறார். அடுப்பில் கருகிய அதன் துணுக்குகளைக் கண்டெடுத்து 2018இல் அறிவித்தார்கள். ஆகவே கற்கால மனிதனுக்குத் தானியமே தெரியாது என்பதை வரலாற்று மாணவியால் ஒப்ப இயலவில்லை. அவன் ஒருவனும் அல்லன். பனிநாட்டில் இருந்தவன் ஒன்று தின்றான். ஆற்றங்கரையில் இருந்தவன் வேறொன்று தின்றான்.

அந்த 'பார்' என்ன பொருள்களால் ஆனது? பாதாம் காட்டில் விளைந்தபோது கசப்பு; கசப்பு மட்டுமா, சயனைடு என்னும் நஞ்சைத் தரக்கூடியது. மனிதன் தோட்டமிட்டு, தித்திப்பான மரத்தையே தேர்ந்து தேர்ந்து வளர்த்ததால்தான் இன்று நம் வாய்க்கு இனிக்கிறது. பேரீச்சை மெசப்பொட்டேமியத் தோட்டக்காரர்களின் செல்வம். கொக்கோ தென்னமெரிக்கக் காட்டிலிருந்து வந்தது. முந்திரியைப் பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொணர்ந்தனர். ஆக, உழவையும் கடல் வணிகத்தையும் வெறுத்துச் செய்த தின்பண்டத்தில் இருப்பதெல்லாம் உழவும் கடல் வணிகமுமே. ஈட்டிக்காரன் இந்த நான்கையும் ஒரே நாளில் கண்டிருக்கவே மாட்டான்.

உண்மையான வேட்டைக்குடிகளின் 'பார்' எது என்று தேடினேன். கிடைத்தது. வட அமெரிக்கச் சமவெளிகளின் தொல்குடிகள் காட்டெருமையின் கொழுப்பற்ற தசையை மெல்லிய வாராக அரிந்து, வெயிலிலும் நெருப்பிலும் உலர்த்தி, கல்லால் தட்டிப் பொடியாக்கி, ஏறத்தாழச் சம எடை உருக்கிய கொழுப்பை ஊற்றிப் பிசைந்து, சில வேளை உலர்ந்த காட்டுப் பழங்களையும் சேர்த்து, எருமைத்தோல் பையில் அடைத்து வைத்தார்கள். அதன் பெயர் பெம்மிக்கன். கிரீ மொழியில் கொழுப்பைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்த பெயர். ஆண்டுக்கணக்கில் கெடாது. மென்தோல் வணிகத்திற்காகப் படகு வலித்தவர்களின் கட்டுச்சோறு இதுதான். ஒரு குடியேற்றத்தின் ஆளுநர் இதை வெளியே கொண்டுசெல்லக் கூடாதென்று 1814இல் ஆணையிட, அதிலிருந்து பகை முற்றி 1816இல் செவன் ஓக்ஸ் என்ற இடத்தில் இருபத்திரண்டு பேர் மாண்டனர். உப்பில்லை, தேனில்லை, பேரீச்சையில்லை. அது பசிக்கான உணவு. எங்கள் ஆயாவிடம் இதைச் சொன்னேன். "நம்ம உப்புக்கண்டத்துக்குக் கொழுப்பு ஊத்துன மாதிரியா? பஸ்ஸுல அதைப் பிரிச்சா உங்கப்பனை எறக்கி விட்ருவாங்க" என்றார்கள்.

ஆகவே பெம்மிக்கனை விட்டுவிட்டு, பாதாமும் எள்ளும் கொண்டு வீட்டிலேயே செய்து பார்ப்பதென்று முடிவு செய்தேன். இதில் நான் பெற்ற அனுபவத்தைச் சொல்கிறேன். செய்ய விரும்புவோர் செய்துகொள்ளலாம்.

பாதாம் 150 கிராம். எள், பூசணி விதை, உலர்ந்த கொப்பரைத் துருவல் மூன்றும் தனித்தனி 50 கிராம். விதை நீக்கிய பேரீச்சம்பழம் 150 கிராம். உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய் இரண்டு. பாதாமை வெறும் வாணலியில் சிறு தீயில் வறுக்க வேண்டும். உடைத்துப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். எள் படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் கசக்கும். கொப்பரையை வாணலிச் சூட்டில் புரட்டினாலே போதும். நன்றாக ஆறிய பிறகே மிக்ஸியில் போட வேண்டும். சூட்டோடு போட்டால் எண்ணெய் பிரிந்து களியாகிவிடும்; என் முதல் முயற்சி அவ்வாறே களியாயிற்று. விட்டு விட்டு ஓட்டி, கல் உடைத்த ரவைபோல் ஒன்றும் பாதியுமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பேரீச்சம்பழம் காய்ந்திருந்தால் பத்து நிமிடம் வெந்நீரில் போட்டு, பிழிந்து, தனியே விழுதாக்கி, உப்பும் ஏலப்பொடியும் கூட்டி, எல்லாவற்றையும் கையாலேயே அழுத்திப் பிசைய வேண்டும். நெய் தடவிய தாம்பாளத்தில் கொட்டி, அடி தட்டையான கிண்ணத்தால் பலங்கொண்டமட்டும் அழுத்துங்கள். துண்டு உதிராமல் நிற்பதன் இரகசியம் இந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது. இரண்டு மணிநேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பிறகு பதினைந்து துண்டாக வெட்டினால், துண்டு முப்பது கிராம்.

கணக்குப் பார்த்தேன். ஒரு துண்டில் ஏறத்தாழ 145 கலோரி, 4 கிராம் புரதம், 6.5 கிராம் சர்க்கரை. நான் பொருள் வாங்கிய விலைக்கு ஒரு துண்டு பதினாறு ரூபாய். கடையில் அறுபது ரூபாய்க்கு விற்ற துண்டு சற்றுப் பெரியது, நாற்பது கிராம். எடைக்கு எடை பார்த்தாலும் விலையில் பாதிகூட இல்லை, சர்க்கரையும் பாதிதான்.

பேருந்து வெயிலில் ஒரு சங்கடம் வந்தது. சித்திரை மாதத்தில் தந்தையாரின் பையில் இருந்த துண்டு மதியத்திற்குள் இளகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த முறை பேரீச்சையை நூறு கிராமாகக் குறைத்து, நுரைக்க அடித்த இரண்டு முட்டையின் வெண்கருவைச் சேர்த்துப் பிசைந்தேன். கேக் செய்வதுபோல், குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, வளையத்தையும் வெயிட்டையும் எடுத்துவிட்டுச் சிறு தீயில் அரைமணி நேரம் வேகவைத்தேன். இது உருகுவதில்லை, சர்க்கரையும் துண்டுக்கு 4 கிராம் அளவிற்கு இறங்கிவிட்டது. ஆனால் முட்டை சேர்ந்ததால் குளிர்பதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். நான்கைந்து நாளுக்குமேல் வைக்கலாகாது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பையில் வைக்க வேண்டும்.

இனி, என் உள்ளத்தில் உறுத்திக்கொண்டிருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பேலியோக்காரர்கள் வேர்க்கடலையைத் தீண்டுவதில்லை. அது கொட்டையன்று, பருப்பினம் என்பது காரணம். தாவரவியல்படி அது சரியே; அவரையும் துவரையும் அதன் உறவினர். அதிலுள்ள லெக்டின், பைட்டேட் முதலியவை தீங்கு என்றும் கூறுவர். லெக்டின் வேகவைப்பதாலும் வறுப்பதாலும் குறையும். பைட்டேட்டோ பாதாமிலும் எள்ளிலும் தாராளமாக இருக்கிறது! பாதாமுக்கு மன்னிப்பு, கடலைக்குத் தண்டனை என்றால் அது என்ன நீதி? பூஞ்சை பிடித்த கடலையில் அப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும் என்பது மெய்யான அச்சம்; சுருங்கியதையும் கறுத்ததையும் கசப்பதையும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அதற்காகக் கடலையையே எறிவதா?

வேர்க்கடலை தமிழனின் ஆதி உணவு என்று சொல்லவும் நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் ஈட்டிக்காரனின் பிழையையே நானும் செய்தவளாவேன். அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. மணிலாக்கொட்டை என்று நம் பெரியவர்கள் வழங்கும் பெயரிலேயே அதன் கடற்பயணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கம் அது மல்லாட்டை ஆயிற்று. ஆனால் வந்த விருந்தாளி வீட்டு மனிதனாகி, கரிசல் நிலத்து ஊராகிய கோவில்பட்டியின் பெயரையே நாடறியச் செய்துவிட்டது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

அதே நாளில் கடலை மிட்டாயும் செய்து பார்த்தேன். தோல் நீக்கி இரண்டாக உடைத்த வறுகடலை 300 கிராம், வெல்லம் 150 கிராம். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்ச வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, திரண்டதை எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று ஓசை கேட்க வேண்டும். அதற்கு முன் இறக்கினால் பல்லில் ஒட்டும். பின் இறக்கினால் கசக்கும். இந்தப் பதத்தைச் சொல்லித் தந்தவர்கள் ஆயா. அதிலும் பதினைந்து துண்டு போட்டேன். ஒரு துண்டில் 150 கலோரி, 5 கிராம் புரதம், ஏறத்தாழ 9 கிராம் சர்க்கரை. விலை மூன்றரை ரூபாய்! பாதாம் துண்டைவிடப் புரதம் ஒரு கிராம் கூடுதல். சர்க்கரை இரண்டரைக் கிராம் கூடுதல். விலையோ நான்கில் ஒரு பங்குகூட இல்லை. எள்ளுருண்டை செய்தால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். எள்ளில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ ஆயிரம் மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதன் ஒரு பகுதியே உடலில் சேரும் என்றாலும் அது அற்பமன்று.

என் தந்தைக்கு நான் பாதாம் துண்டைத்தான் கொடுக்கிறேன். அவருக்கு அந்த இரண்டரைக் கிராமும் கணக்கில் வரும். ஆனால் நோயற்ற, பத்தொன்பது வயதுள்ள, காலையில் வெறும் தேநீரோடு பேருந்தில் தொங்கிக்கொண்டு வருகிற நமக்கு எது வேண்டும்? நம் விடுதித் தோழி ஒருத்தி, உடல் மெலிய வேண்டும் என்று காலை உணவையும் மதிய உணவையும் விட்டுவிட்டு, அந்த அறுபது ரூபாய்த் துண்டு ஒன்றை மட்டும் தின்று மூன்று வாரம் கழித்தாள். உதவித்தொகைப் பணம் அதிலேயே கரைந்தது. உள்தேர்வு நாளன்று வினாத்தாளை வாங்கிய கையோடு மேசைமேல் சாய்ந்துவிட்டாள். அவளுக்கு நான் முதலில் கொடுத்தது தண்ணீர். அடுத்துக் கொடுத்தது என் பையிலிருந்த கடலை மிட்டாய். "இதையெல்லாமா இன்னும் தின்னுற நீ?" என்று கேட்டுக்கொண்டேதான் தின்றாள். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் நிற்கிறது. கடலை மிட்டாயைத் தின்ன வெட்கம். பட்டினி கிடக்க வெட்கமில்லை!

வெட்கத்திற்குக் காரணம் சுவையன்று, உறைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணாடிப் புட்டியிலிருந்து கையால் எடுத்துக் கொடுத்தால் அது பட்டிக்காட்டுப் பண்டம். அதையே ஆங்கிலப் பெயரிட்டு உறையில் அடைத்தால் சத்துணவு. என் வீட்டுப் பாதாம் துண்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தபோது வாங்கத் தயங்கிய தோழியர், வெண்ணெய்க் காகிதத்தில் சுற்றி நூல் கட்டிக் கொடுத்ததும் 'எங்கே வாங்கினாய்?' என்று கேட்டார்கள். (அச்சு மை உணவில் ஒட்டுவது நல்லதன்று, எனவே காகிதத்தை மாற்றியது ஒரு வகையில் சரிதான்.)

நம் கல்லூரிச் சிற்றுண்டிச் சாலையைப் பற்றியும் ஒரு சொல். காற்றடைத்த உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலங்கள் அங்கே தோரணமாகத் தொங்குகின்றன. இடைவேளை பதினைந்து நிமிடம். சமைத்ததை வாங்கி உண்ண நேரமில்லை. கையில் பிடித்துக்கொண்டு வகுப்பிற்கு ஓடக்கூடிய பண்டந்தான் விற்கும். அந்த இடத்தைக் கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும், வேண்டுவோர்க்குப் பாதாம் துண்டும் ஏன் பிடிக்கக் கூடாது? சுற்றுவட்டாரத்து மகளிர் சுய உதவிக் குழுக்களில் இவற்றைச் செய்யத் தெரியாதவர் இல்லை. அவித்த முட்டையையும் அவித்த மல்லாட்டையையும் வாரம் இரண்டு நாளாவது வைக்கலாம். ஒவ்வொன்றின் மேலும் எடை, செய்த நாள், சர்க்கரை எவ்வளவு என்பதைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். கணக்கிடும் வேலையை மனையியல் துறைத் தோழியர் ஏற்றுக்கொண்டால் எழுதி ஒட்டும் வேலையை வரலாற்றுத் துறை ஏற்கும். பேரவைக் கூட்டத்தில் இதைச் சென்ற மாதமே எழுப்பினேன். 'பார்க்கலாம்' என்றார்கள்.

பேலியோவைப் பின்பற்றும் ஆசிரியப் பெருமக்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் மனம் புண்பட இதை எழுதவில்லை. மைதாவையும் சர்க்கரையையும் பொரித்த பொட்டலங்களையும் விலக்குங்கள் என்று அவர்கள் சொல்வதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஈட்டிக்காரன் பெயரைச் சொல்லி அதைச் சொல்ல வேண்டியதில்லை என்பது மட்டுமே என் வாதம். மலைவாழ் மக்களின் தேனும் தினைமாவும் அவர்கள் பட்டியலில் பாதி தள்ளுபடி ஆகிறது. தேன் உள்ளே, தினை வெளியே! ஆயாவின் பொரிவிளங்காய் உருண்டையோ முழுத் தள்ளுபடி. அரிசி, பாசிப்பருப்பு, வெல்லம் மூன்றுமே குற்றவாளிகள். பல் உடைந்தாலும் உருண்டை உடையாது என்பது வேறு குறை.

இப்போது வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பாதாம் துண்டு செய்கிறோம். கொப்பரை பழையதானால் சிக்கு வாடை அடிக்கிறது என்று ஆயா சொன்னதால் அதைக் குறைத்துப் பூசணி விதையைக் கூட்டியிருக்கிறேன். தந்தையாருக்கு நாளொன்றுக்கு இரண்டு என்று எண்ணி, எவர்சில்வர் டப்பாவின் மூடியில் கிழமையெழுதி ஒட்டிவிடுவேன். அதோடு, எப்போதாவது கை நடுங்கினால் உடனே வாயில் போட்டுக்கொள்ள, சீசாவில் நான்கு தேக்கரண்டி வெறும் சர்க்கரையும் பையில் இருக்கிறது. மருத்துவர் சொன்னது அது. சென்ற வாரம் வியாழக்கிழமைத் துண்டு ஒன்று புதன்கிழமையே காணாமற் போயிருந்தது. கேட்டேன். கூட வந்த ஓட்டுநர் அண்ணனுக்குப் பசி என்று கொடுத்துவிட்டாராம்.